பிடிச்சிருக்கா, முசே?

பெண் பார்க்கப் போகிறவனுக்குத் துணையாகப் போவது மாதிரி ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. கேசரியில் சம பங்கு உண்டு. பொறுப்பில் பங்கு கிடையாது. ஓசியில் ஒரு ஊரும் பார்த்த மாதிரி ஆகும். அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் நண்பனோடு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன். போக வேண்டிய இடம் ராஜபாளையம். ஆனால் அதற்கு முந்தின ஸ்டேஷனான ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஆண்டாளைச் சேவித்துவிட்டுத்தான் பெண் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று அவன் அம்மா உத்தரவு.

நண்பன் பெயர் வேண்டாம். வயது 33. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். இதுவரை ஏழு பெண் பார்த்தாகிவிட்டது. ஏழிலும் யாரும் யாரையும் 'பிடிக்கவில்லை' என்று சொன்னது கிடையாது. அதுதான் விசேஷம். நாலு வீட்டில், ''ஜாதகத்தை இன்னொரு ஜோசியர்கிட்ட காட்டிட்டுச் சொல்றோம்'' என்றார்கள். மூன்று வீட்டில் இவன் தரப்பில், ''ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்'' என்றார்கள். வாட்ஸ்அப் காலத்தில் ஒருத்தர் லெட்டர் போடுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எல்லாப் பெண் வீட்டாருக்கும் தெரிவதில்லை. ஏழாவது வீட்டுக்காரர்கள் நாலு மாசமாக அந்த லெட்டருக்குக் காத்திருந்தார்கள்.

ராஜபாளையம் எட்டாவது.

வண்டி தாம்பரம் தாண்டியதும் பயல் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். ஆரம்பநிலை பிரெஞ்சு!

''பெண் பார்க்கப் போற இடத்துக்கு இது எதுக்குடா?''

''கனடாவுக்கு'' என்றான்.

விஷயம் இதுதான். கனடாவில் குடியேற மனுப் போட்டிருக்கிறான். அங்கே எல்லாம் மார்க் கணக்கு. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு. பிரெஞ்சு தெரிந்தால் அதற்குத் தனி மார்க். 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்று வைத்தும் கூப்பிடுகிறார்கள். வயது முப்பதைத் தொட்டால் மார்க் குறைய ஆரம்பிக்கும். (கல்யாண மார்க்கெட்டிலும் அதே விதிதான்.) குறைந்த மார்க்கைப் பிரெஞ்சை வைத்து ஈடுகட்டப் பார்க்கிறான்.

''உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, சொல்லிக் கொடு'' என்றான்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சின் ஜாதகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் 200-க்கு 190 நிச்சயம் என்று யாரோ ஒரு புண்ணியவான் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். பி.காம்.மிலும் அதே கதை தொடர்ந்தது. ஈஃபில் கோபுரத்தைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரி எழுதுவேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். இருந்தாலும் குருபீடம் தானாக வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

புத்தகத்தில் மூன்றாவது பாடம். தலைப்பு: பிடித்ததும் பிடிக்காததும்.

'ஜெம்' என்றால் எனக்குப் பிடிக்கும். 'ஜ நெம் பா' என்றால் பிடிக்காது. உயிரையே விடுவேன் என்கிற அளவுக்குப் பிடித்தால் 'ஜாதோர்'. கண்ணிலேயே காட்டாதே என்றால் 'ஜ தெத்தெஸ்த்'. இதைவிட அது தேவலை என்றால் 'ஜ ப்ரெஃபேர்'. இந்த அஞ்சையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் காலத்தை ஓட்டிவிடலாம்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை உண்டு. பிரெஞ்சு 'த'வும் நம்ம 'த'வும் பல்லில் நாக்குப் படுகிற ஒரே ஜாதி. இங்கிலீஷ்காரர் தடுமாறுகிற இடத்தில் தமிழன் சுலபமாகத் தாண்டுவான். 'ஜ'தான் தகராறு. அது ஜன்னலில் வரும் ஜ இல்லை. இங்கிலீஷில் 'டெலிவிஷன்' என்னும்போது கடைசியில் ஒரு ஒலி வருகிறதே, அது.

''பிடிக்கும்னு சொல்லும்போது பொருளுக்கு முன்னாடி 'ல', 'லா', 'லே' ஏதாவது ஒண்ணு போடணும். 'ஜெம் ல கஃபே', காபி பிடிக்கும். 'ஜெம் லே மாங்க்', மாம்பழம் பிடிக்கும்.''

''மாங்க்கா? நம்ம மாங்கா மாதிரி இருக்கே?''

''நம்ம மாங்காதான். இந்தப் பக்கத்து மாங்காயைப் போர்த்துகீசியர் 'மாங்கா' என்று கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர் வாலை நறுக்கி 'மாங்க்' ஆக்கினார்.''

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பால் பிடிக்கும் என்றால் 'ல லே'. கொஞ்சம் பால் குடிக்கிறேன் என்றால் 'த்யூ லே'. அதாவது குடிக்கிறபோது ஒரு டம்ளர்தான் குடிக்க முடியும். பிடிக்கும் என்று சொல்லிவிட்டால் உலகத்துப் பால் அத்தனையும் பிடிக்கும் என்று கணக்கு. பிடிப்பதில் பாதி, கால் என்கிற பேச்சே இல்லை.

பிடிக்காததைச் சொல்ல வினைச்சொல்லுக்கு இரண்டு பக்கமும் காவல் போட வேண்டும். முன்னால் 'ந', பின்னால் 'பா'. பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே முன்னால் நிற்கும் 'ந'வுக்கு லீவு கொடுத்துவிடுவார்கள். பரீட்சையில் கொடுத்தால் மார்க் போகும்.

''எல்லாம் சரி, 'எனக்கு' எங்கேடா காணோம்?'' என்றான்.

நல்ல கேள்வி. பிரெஞ்சில் 'எனக்கு' கிடையாது. 'நான்'தான். நாம் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். காபி பாட்டுக்கு எங்கிருந்தோ வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி, சனி பிடிக்கிற மாதிரி. நம் பேரில் தப்பே இல்லை! தெலுங்கில் கேட்டாலும் 'நாக்கு இஷ்டம்'. ஹிந்தியில் கேட்டாலும் 'முஜே பஸந்த்'. எல்லாம் 'எனக்கு'தான். பிரெஞ்சுக்காரர், 'நான் விரும்புகிறேன்' என்று முன்னால் வந்து நின்று கையெழுத்துப் போடுகிறார். ('ஸா ம ப்ளே' என்று நம்ம ஊர் 'எனக்கு' மாடலிலும் அவர்களிடம் ஒன்று உண்டு. அது பின்னால் வருகிற பாடம்.)

விழுப்புரம் தாண்டும்போது பாடத்திலேயே ரொம்ப முக்கியமான இடத்துக்கு வந்தேன்.

''இதைக் கவனமாக் கேளு. காபிகிட்ட 'ஜெம்' சொன்னா ஆபத்தில்லை. மனுஷங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும். 'ஜ தெம்'னா 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'னு அர்த்தம். அதோட 'பியான்'னு ஒரு வார்த்தை சேர்த்து 'ஜ தெம் பியான்'னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? 'பியான்'னா 'நன்றாக'ன்னு அர்த்தம். நன்றாகக் காதலிக்கிறேன்னு ஆகணுமில்லையா? ஆகாது! காதல் காத்தாப் பறந்துடும். 'நீ நல்லவன், உன்கிட்ட எனக்கு ஒரு பிரியம், அவ்வளவுதான்'னு ஆயிடும். சேர்த்தா குறையற கணக்கு.''

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். புத்தகம் நெஞ்சில் கிடக்க, மாணவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது மேற்கே மலை இன்னும் பனிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் வடபத்ரசாயி கோயில் கோபுரம் ஒரு மூலையில் வந்து நிற்கிறது. 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் மார் தட்டுவார்கள். மதுரைக்காரர்கள் 'மேற்குக் கோபுரம்' என்று வேறு கட்சி கட்டுவார்கள். ஆட்டோக்காரரிடம் இந்த விவாதத்தைத் தொடங்கிவிடாதீர்கள். கோயில் வந்தாலும் இறக்கிவிட மாட்டார்.

வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவில் நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் குழந்தையைக் கண்டெடுத்த இடம் அது என்கிறார்கள். ஆண்டாள் கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை அந்தப் பெண் தன் கழுத்தில் போட்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த கிணறு. கர்ப்பக்கிரகத்தில் ரங்கமன்னாரும் ஆண்டாளும் நிற்க, பக்கத்திலேயே கருடன். உற்சவ ஆண்டாளின் இடது கையில் பச்சைக் கிளி. தினமும் இலைகளாலேயே புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ.

நண்பன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தான். எனக்கு மூன்றாவது பாடமே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பிடித்தது, பிடிக்காதது என்ற பாடத்தில் இந்தப் பெண்ணை மிஞ்ச ஆள் உண்டா? பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண். திருப்பாவை முப்பது பாட்டு. ஆரம்பத்திலேயே ஒரு 'மாட்டோம்' பட்டியல் போடுகிறாள். நெய் கிடையாது, பால் கிடையாது, மை கிடையாது, பூ கிடையாது. நோன்பு முடிகிற நேரம் இருபத்தேழாம் பாட்டில் 'வேண்டும்' பட்டியல். நகை வேண்டும், புதுத்துணி வேண்டும், நெய்யில் மிதக்கிற பால்சோறு வேண்டும். நாச்சியார் திருமொழியில் 143 பாட்டு. அதில் கல்யாண விஷயத்தில் இன்னும் கறார். ஒரு மனுஷனுக்கு என்னைக் கட்டிவைக்கிற பேச்சை எடுத்தாலே உயிரோடு இருக்க மாட்டேன் என்கிறாள். 'ஜாதகம் பார்த்துச் சொல்றோம்' இல்லை, 'லெட்டர் போடறோம்' இல்லை. இவர் வேண்டும், மற்றவர் வேண்டாம். முடிந்தது.

இதில் இன்னொரு ஆச்சரியம். ஆண்டாள் பிரெஞ்சும் பேசியிருக்கிறாள்! ழான் ஃபிலியோஸா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். படித்தது மருத்துவம். கண் வைத்தியர். சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் ஆசை வைத்து, 1955-ல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக வந்தார். 1972-ல் அந்த நிறுவனத்தின் வெளியீடாகத் திருப்பாவையைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு கொண்டுவந்தார். கனடா மார்க்குக்காக இல்லை. பிடித்திருந்தது, செய்தார். நான் திருப்பாவை இருக்கிற மொழியை விட்டுவிட்டு மார்க்குக்காகப் பிரெஞ்சு படித்தேன். பிரெஞ்சுக்காரர் திருப்பாவைக்காகத் தமிழ் படித்தார். கோயில் தூணில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

''என்ன வேண்டிக்கிட்டே?'' என்று நண்பனிடம் கேட்டேன்.

''எது நல்லதோ அது நடக்கட்டும்னு.''

சாமியிடம்கூட இவன் 'சொல்லி அனுப்பறோம்'தான்!

* * *

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வலது பக்கம் மலை கூடவே வருகிறது. மலையடிவாரத்தில் தென்னையும் மாந்தோப்பும். மேலே சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் அமைந்த சரணாலயம். அந்தக் காடு 2021-லிருந்து புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது. ராஜபாளையம் எல்லையைத் தொட்டதும் ஊரின் வாசனை மாறுகிறது. கோயில் ஊர் போய் மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு இது பஞ்சும் நூலுமாகவே வளர்ந்த ஊர். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி. நம் முழங்காலில் அடிபட்டால் கட்டுகிற துணி இந்தப் பக்கத்துத் தறியில் நெய்ததாக இருக்கலாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஊருக்குக் கண்காணிப்பாளர் மாதிரி சஞ்சீவி மலை.

டீக்கடையில் ஒரு பெரியவர் மாஸ்டரிடம் தெலுங்கில் சர்க்கரை குறைக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் தமிழில், ''யார் வீட்டுக்கு?'' என்றார். இங்கே பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலில் தமிழ். இரண்டு மொழி என்பது இந்த ஊருக்குச் செருப்பு மாற்றுகிற மாதிரி.

நண்பனின் அக்காவும் அத்தானும் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பத்தரைக்குப் பெண் வீடு. வாசலில் எங்களை வரவேற்றது பெண்ணின் அப்பா இல்லை. ஒரு நாய்.

ராஜபாளையம் நாயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2005-ல் தபால்தலைகூடப் போட்டார்கள். நேரில் பார்த்தால் படத்தின் மேல் இருந்த மரியாதை போய், நாயின் மேல் வந்துவிடும். வெள்ளை வெளேர் என்று உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு. அந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன பரம்பரை. ஒரு எஜமானை வரித்துவிட்டால் அவ்வளவுதான். வெளியாள் தடவிக் கொடுப்பது அறவே பிடிக்காது.

''கடிக்காது தம்பி, வாங்க'' என்றார் அப்பா. அப்புறம் கொஞ்சம் யோசித்து, ''தொடாம வந்தா'' என்றார்.

தரகரைப் பார்த்து அது ஒரு உறுமல் உறுமியது. சுத்தமான 'ஜ தெத்தெஸ்த்'. பாடம் படிக்காமலே முதல் மார்க்!

உள்ளே கேசரி, பஜ்ஜி, காபி. பெண் வந்து உட்கார்ந்தாள். எம்.காம். படித்துவிட்டு அங்கேயே ஒரு மில் ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. கூடத்தில் பத்துப் பேர். பத்துப் பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மௌனத்தை உடைக்கத் தரகர் சரக்கை அவிழ்த்தார்.

''மாப்பிள்ளை சாதாரணம் இல்லை. கனடாவுக்காகப் பிரெஞ்சே படிக்கிறார்!''

''எங்க பொண்ணும் காலேஜ்ல பிரெஞ்சுதானே!'' என்றாள் பெண்ணின் சித்தி. (மார்க்குக்காகத்தான். நம் சாதிசனம் எல்லா ஊரிலும் இருக்கிறது.)

''அப்ப ரெண்டு பேரும் பிரெஞ்சுலயே பேசுங்களேன், நாங்களும் கேக்கறோம்'' என்று அத்தான் பற்ற வைத்தார். முந்தின தலைமுறையில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இப்போது பிரெஞ்சு!

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் கையில் இருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டி, ''ஜெம் ல கஃபே'' என்றான்.

''ம்வா ஓஸி'' என்றாள் பெண். எனக்கும்தான் என்று அர்த்தம். கூடமே பூரித்தது.

''ஜெம் லே மாங்க்.''

''ம்வா ஓஸி'' என்றாள். ராஜபாளையத்து மாம்பழம் என்றால் 'ஜாதோர்' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

''ரெண்டும் புறாக் குமுறுற மாதிரி பேசுதுகளே!'' என்று பாட்டி கன்னத்தில் கை வைத்தாள்.

நண்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ''ஜெம் ல கனடா'' என்றான்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. காபித் தட்டை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

''ம்வா, நோன்'' என்றாள். எனக்கு இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக, டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். ''ஜ நெம் பா ல ஃப்ருவா.'' எனக்குக் குளிர் பிடிக்காது. ''ஜெம் மோன் த்ராவாய்.'' என் வேலை எனக்குப் பிடிக்கும். ''ஜெம் மா வீல்.'' என் ஊர் பிடிக்கும். ''ஜெம் மோன் ஷியான்.'' என் நாய் பிடிக்கும். கடைசியாக, ''ஜ நெம் பா பார்த்திர்'' என்றாள். ஊரை விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

அந்தக் கூடத்தில் அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் முழுசாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். பத்துப் பேருக்கு நடுவில், அப்பா சித்தி பாட்டி எல்லாரையும் வைத்துக்கொண்டு, ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழில் சொல்லியிருந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது, ''சின்னப் பொண்ணு, ஏதோ பேசுது'' என்று கேசரித் தட்டை நீட்டியிருப்பார்கள்.

நண்பன் 'போக்கூ?' என்றான். ரொம்பவா?

''போக்கூ'' என்றாள். அவன் முகத்தை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். ''ஜ வூ ஸெம் பியான்'' என்றாள். நீ இல்லை, 'வூ'. மரியாதையான நீங்கள். பிறகு, ''மே... ஜ ப்ரெஃபேர் ரெஸ்தே இஸி.'' ஆனால் நான் இங்கேயே இருப்பதைத்தான் விரும்புகிறேன்.

நண்பன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. முகம் முழுக்கப் பல்ப் எரிந்தது. ஜ, வூ, ஸெம், பியான்! என்னையும், அதுவும் நன்றாக! விழுப்புரத்தில் விட்ட குறட்டையின் பலன்.

''என்னம்மா சொன்னே?'' என்றார் அப்பா.

''பிடிச்சது, பிடிக்காதது பத்திப்பா'' என்றாள். பொய் இல்லை.

''மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?'' என்று தரகர் கேட்டார். நண்பன் ஏழு வீட்டிலும் சொல்லாததைப் பட்டென்று சொன்னான். ''பிடிச்சிருக்கு!''

பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொல்லையில் நாய் ஒரு தடவை குரைத்தது.

* * *

திரும்பும் வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் பிடிப்பதாக ஏற்பாடு. பால்கோவா வாங்காமல் இந்த ஊரைத் தாண்டினால் ஆபீசில் நுழைய முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு கடை. உள்ளே அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. ஒருவர் கரண்டியை நிறுத்தாமல் வளைத்து வளைத்துத் துழாவிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் அடிப்பிடிக்கும்.

நண்பன் வழியெல்லாம், ''என்ன சொன்னா கேட்டியா? பியான்!'' என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் பஸ்ஸில் சொல்ல வாய் வரவில்லை. துணைக்கு வந்தவனுக்குப் பொறுப்பில்லை என்றுதானே கிளம்பினேன்? ஆனால் இன்று ராத்திரி இவன் அம்மா 'சரி' சொல்லிவிட்டால், நாளைக்குத் தாம்பூலம் மாற்றத் தேதி பார்ப்பார்கள். தனக்கு வேண்டாம் என்பதை அந்தப் பெண் இரண்டாவது தடவை, அதுவும் தமிழில் சொல்ல வேண்டி வரும். அதை யார் கேட்பார்கள்?

கடை பெஞ்சில் உட்கார வைத்து, குறட்டையில் போன பாடத்தை மறுபடி நடத்தினேன். ஜ தெம் ஒன்று. ஜ தெம் பியான் வேறொன்று.

ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. சட்டியில் பால் இரண்டு தடவை பொங்கி அடங்கியது.

''அப்ப, 'நீங்க நல்லவரு, ஆனா வேண்டாம்'னு சொல்லியிருக்கா.''

''ஆமா.''

''நாலு வீட்டுல ஏன் வேண்டாம்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாதுடா. மூக்கா, சம்பளமா, முடியா? ராத்திரி படுத்தா ஒவ்வொண்ணா எண்ணிப் பார்ப்பேன். இவதான் மூஞ்சியைப் பார்த்துக் காரணம் சொல்லியிருக்கா. குளிரு, வேலை, ஊரு, நாயி.'' லேசாகச் சிரித்தான். ''நாய்க்கு அப்புறம்தான் நான்.''

''அவளும் உன்ன மாதிரி மூணாவது பாடத்துப் பிரெஞ்சுதாண்டா. சுத்தி வளைக்கற வார்த்தையெல்லாம் முப்பதாவது பாடத்துலதான் வரும். நாம ரெண்டு வயசுலேர்ந்து தமிழ் பேசறோம். அதான் இவ்வளவு நல்லா மழுப்ப வருது.''

போனை எடுத்து அக்காவுக்குப் போட்டான். ''அக்கா, அந்தப் பொண்ணுக்கு ஊரை விட்டு வர இஷ்டம் இல்லை. எனக்குக் கனடாவை விடறதா இல்லை. நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். ரெண்டு பேரும், புரியுதா? பொண்ணு வேண்டாம்னு சொன்னான்னு அங்கே யாரும் அவளைத் திட்டக்கூடாது. இன்னிக்கே சொல்லிடு. லெட்டரெல்லாம் வேண்டாம்.''

வைத்துவிட்டு இன்னொரு நம்பரைத் தேடினான். அம்மா.

''அம்மா, அந்த ஏழாவது வீடு... நாலு மாசமா காத்துக்கிட்டிருக்காங்களே... எனக்குப் பிடிக்கலைம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ சொல்ல வேண்டாம், நம்பர் குடு, நானே அவங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுச் சொல்லிடறேன்.''

கடை வாசலிலேயே நின்று அதையும் பேசினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'பிடிக்காது' என்று சொல்லப் பிரெஞ்சுக்காரருக்கு முன்னால் ஒரு காவல், பின்னால் ஒரு காவல் வேண்டும். தமிழில் ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நாலு மாசம்!

உள்ளே வந்து உட்கார்ந்தவன் முகத்தில் வருத்தம் இருந்தது. பாரம் இல்லை. கடைக்காரர் இலையில் சூடாக ஒரு கரண்டி பால்கோவா வைத்து நீட்டினார். வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

''தம்பிக்குப் பிடிச்சிருக்கா?''

''ஜாதோர்!'' என்றான்.

கடைக்காரர் முகம் மாறிவிட்டது.

''ஜாதிக்காயெல்லாம் நாங்க போடறதே இல்லை தம்பி. வெறும் பாலும் சீனியும்தான்!''